ரத்தம் சுற்றும் வழி

கென்கோவுக்குத் தையல் போட்ட இடது கை விண்விண்ணென்று வலித்தது. இருபது வருஷம் கல்குவாரியில் பாறை உடைத்த கை அது. வலது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்ததால், தங்கை புருஷன் மெத்தோதி அவரைக்கொட்டைச் சூப்பை ஊட்டிவிட்டான்.

"ரத்தம் இதயத்துலேருந்து நுரையீரலுக்குப் போயி, காத்து வாங்கிட்டு, மறுபடி இதயத்துக்கே வந்துதான் உடம்பைச் சுத்துமாம் மச்சான். டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு."

"சுத்தித் திரும்பி வர்றதுக்கு, அடுத்தவன் ரத்தம் எதுக்கு மாப்ள?"

"கண்ணாடிக் கதவுல விழுந்து தரையில கொட்டுனது எப்படிய்யா திரும்பி வரும்?" என்றாள் நர்ஸ் ருமியானா. "ரத்தம் குடுக்க வர்றவன் வெறும் வயித்துல ரக்கியாச் சாராயம் குடிச்சிட்டா வருவான்?"

"ஊசி பயம்மா. தைரியத்துக்குக் குடிச்சேன். நான் பாறைக்கு வெடி வைக்கிறவன். குவாரியில சொல்லிடாதீங்க, அவங்க சிரிக்கிற சிரிப்புல வெடி இல்லாமலே பாறை பிளந்துடும்."

நர்ஸ் மெத்தோதியின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள்.

"நீ உன் கட்டிலுக்குப் போய்ப் படு. நாளைக்கு உனக்கு இதய ஆபரேஷன் கிடையாது. உன் சொந்தக்காரங்க உனக்காகக் குடுத்துச் சேத்த ரெண்டு பையும் இவருக்கு ஏத்தியாச்சு."

மெத்தோதி நெஞ்சைப் பிடித்தபடி மெல்ல எழுந்து போனான்.

கென்கோ அவனுக்குக் கொடுக்க வந்தது ஒரு பை ரத்தம். இப்போது மூன்று பை பாக்கி.