மிதித்தவளைத் தேடிய சுவர்

கட்டடக்கலை மாணவி ஜெபரஞ்சினி, தேர்வுக்காகத் தானே மண் மிதித்துக் கட்டிய வீட்டை உடன்குடியில் மாரிச்செல்வியின் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துக் குழைத்த, உயிருள்ள மண். வெயிலில் குளிரும், மழையில் ஈரம் அண்டவிடாது.

மறுவாரமே மாரிச்செல்வி போனில் கூப்பிட்டாள்.

"செவரெல்லாம் தண்ணியா வடியுது. பச்சப்புள்ளய எங்க படுக்கப்போட? ஒடனே வாங்க."

ஜெபரஞ்சினி போய்ச் சுவரில் கை வைத்ததும் ஈரம் வற்றியது. எடுத்ததும் மறுபடி கசிந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 

"இது ஒங்களத்தான் தேடுது. பேசாம நீங்களே இங்க இருந்துருங்க" என்றாள் மாரிச்செல்வி. அவள் சிரிக்கிறாளா, திட்டுகிறாளா என்றும் தெரியவில்லை.

மிதித்த காலைத்தான் தேடுகிறதென்றால் இவர்களே மிதிக்கட்டும் என்று ஜெபரஞ்சினி புதிதாக மண் குழைத்து, மாரிச்செல்வியையும் அவள் கணவனையும் மிதிக்கச் சொன்னாள். குழந்தையின் பிஞ்சுப் பாதங்களையும் அதில் அழுத்தி எடுத்தார்கள். அந்த மண்ணைச் சுவர் முழுக்கப் பூசினார்கள். சாயங்காலத்துக்குள் சுவர் உலர்ந்து குளிர்ந்தது. குழந்தை அதன் ஓரத்தில் நிம்மதியாகத் தூங்கியது.

கிளம்பும்போது ஜெபரஞ்சினி ஒருமுறை சுவரைத் தொட்டாள். அவள் விரல் பட்ட இடத்தில் மட்டும் குப்பென்று நீர் கோத்தது.

"என்னாச்சு?" என்றாள் மாரிச்செல்வி பதறிப்போய்.

"ஒண்ணுமில்லக்கா. இனிமே இது ஒங்க வீடு."

சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல், ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி அவள் பஸ் ஏறினாள்.