ஏட்டையா எழுதிய பிரசங்கம்

பென்சில் முனை ஒடிந்ததும் ஏட்டு சிவனாண்டி பதறிப்போய் அடுத்ததை உருவினார்.

"ஐயா, செத்த நிறுத்துங்க! 'கலெக்டர் கண்ணை மூடிக்கிட்டா'... பொறவு என்ன சொன்னிய?"

"பஞ்சம் மறைஞ்சிருமா, மகாஜனங்களே!" என்று செண்பகத்தோப்பு அதிர மறுபடி முழங்கினார் ஜெபதுரை. "எழுதிட்டீரா? அடுத்ததுக்குப் போவமா?"

பஞ்சத்தைப் பற்றி எழுதியதற்காகச் சர்க்கார் ஜெபதுரையின் பத்திரிகைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஐந்து பேருக்கு மேல் கூட்டிவைத்துப் பேசவும் தடை. அவர் இன்று பேசப்போவதாக ஸ்டேஷனுக்கு மொட்டைக் கடிதாசி வந்ததும், "ஒரு எழுத்து விடாம எழுதிட்டு வாரும், உமக்குப் புரமோஷன்" என்று இன்ஸ்பெக்டர் ஏட்டையாவை விரட்டியிருந்தார்.

ஏட்டையா விடவில்லை. இருமலைக்கூட எழுதிக்கொண்டார்.

தடையை மீறிக் கூட்டம் போட்டதாக ஜெபதுரை மேல் போட்ட வழக்கின் விசாரணையன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் நிற்க இடமில்லை. ஜன்னலெல்லாம் தலைகள். மதுரையிலிருந்து நாலு நிருபர்கள் வேறு. கோர்ட்டில் வாசிப்பதைப் பத்திரிகையில் போட யாரும் தடை சொல்ல முடியாதே!

ஏட்டையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசித்தார்.

"இன்னும் சத்தமா, ஏட்டையா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கைதட்டலில் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. கூண்டில் நின்ற ஜெபதுரை பரம திருப்தியாகத் தலையாட்டினார்.

மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். "அமைதி! ஏட்டு, அன்றைக்கு இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?"

சிவனாண்டி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"நான் ஒருத்தன்தான், எசமான்."