ஃபிரிட்ஜில் இருந்த காபி

ஃபிலிம் மாட்டிக்கொண்டது.

உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவன் பாத்ரூமில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

இருட்டு. நல்ல இருட்டு. ஜன்னலில் கறுப்புச் சார்ட் அட்டை. கதவிடுக்கில் அக்காவின் பழைய துப்பட்டா. பல்பு அவன் சட்டைப் பையில்.

ஸ்விட்ச் வெளியே இருக்கும் வீடு. உள்ளே ஒரு ஆள் இருட்டில் இருந்தால், யாராவது புண்ணியத்துக்குப் போட்டுவிடுவார்கள்.

மடியில் அக்காவின் நிச்சயதார்த்தம். முப்பத்தாறு படங்கள். இன்னும் கழுவவில்லை. வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு.

ஸ்டூடியோக்காரர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றது அவன். மேடையேறி, "எல்லாரும் செல்லை உள்ள வைங்க, இது ஃபிலிம்" என்று அறிவித்ததும் அவன். மண்டபமே மிரண்டுபோய் செல்லை உள்ளே வைத்தது. ஆக, நிச்சயம் நடந்தது என்பதற்கு இந்தச் சுருளை விட்டால் சாட்சி, சாப்பிட்டுப் போனவர்கள்தான்.

படம் வராவிட்டால் என்ன ஆகும் என்று அக்கா தமயந்தி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை நிச்சயம் பண்ணிக்குவேன். உன்னைக் கூப்பிட மாட்டேன்."

வீட்டிலேயே கழுவலாம் என்று அவன் படித்திருந்தான். இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மாத்திரை. கலக்கி ஊற்றினால் உருவம் வரும். காலேஜில் சேர்ந்த பிறகு அவன் படித்தவற்றில், நம்பிய ஒரே விஷயம் இதுதான்.

கலவை ஆறியிருக்க வேண்டும். திருச்சியில், ஏப்ரல் மாதக் குழாய்த் தண்ணீரில் டீத்தூளைப் போட்டால் டீ ரெடி. எனவே ஜக்கை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அது குளிர்வதற்குள் ஃபிலிமை டப்பாவில் சுற்றிவிடலாம் என்று உள்ளே வந்தான். டப்பாவை மூடிவிட்டால் போதும். அப்புறம் வெளிச்சம் வரலாம், ஊரே வரலாம்.

விரல் வியர்த்தது. ஃபிலிம் ஒட்டியது. டப்பாவின் மூடி நழுவி, உருண்டு, எங்கேயோ போய் நின்றது.

வாசலில் காலிங்பெல்.

"வாங்க மாப்ள! ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" அம்மாவின் குரல்.

"இந்தப் பக்கம் ஒரு வேலை அத்தை. அப்படியே போட்டோவைப் பாத்துட்டுப் போலாம்னு..."

விரல் இன்னும் வியர்த்தது.

நாற்காலி நகரும் சத்தம். ஃபேன் சத்தம். பிறகு ஃபிரிட்ஜ் கதவு.

ஃபிரிட்ஜ் கதவு!

"வெயில்ல வந்திருக்கீங்க. தம்பி ஒரு ஜக்கு கோல்டு காபி போட்டு வச்சிருக்கான் பாருங்க. பாலும் சக்கரையும் போட மறந்துட்டான். இருங்க, கலக்கித் தரேன்."

அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சளி. இல்லையென்றால், அந்த வாசனைக்கு ஜக்கோடு சேர்த்து அவனையும் புதைத்திருப்பாள்.

டம்ளரில் ஸ்பூன் சுழன்றது.

கதவைத் திறந்தால் அக்காவின் நிச்சயதார்த்தம் கறுத்துப்போகும். திறக்காவிட்டால் அக்காவின் மாப்பிள்ளை சலவை சோடா குடிப்பார். அக்காவின் பக்கம் நிற்பது என்று முடிவு செய்தான். எது அக்காவின் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

இருந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"அம்மா! அதைக் குடுக்காத! அதுல சலவை சோடா இருக்கு!"

கூடத்தில் ஸ்பூன் நின்றது.

"பாத்தீங்களா மாப்ள, சலவை சோடாவாம். போன தீபாவளிக்கு அல்வாவுல எலிமருந்துன்னான். எல்லாம் தனக்கே வேணும். நீங்க குடிங்க."

மாப்பிள்ளை சிரித்தார். மரியாதையான சிரிப்பு. முதல் மடக்கில் அது நின்றது.

காலி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்.

"எப்படி இருக்கு மாப்ள?"

"...நல்லா இருக்கு அத்தை."

"இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"

நிச்சயத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாமியார் வீட்டுக்குத் தனியாக வந்திருக்கிறவர். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"...ஊத்துங்க அத்தை."

சமையலறைப் பக்கம் கொலுசுச் சத்தம். ஜக்கில் மிச்சம் இருந்ததை அக்கா வாயில் வைத்திருக்க வேண்டும். உடனே துப்பும் சத்தம். குழாய் சத்தம். மறுபடி துப்பும் சத்தம்.

கொலுசு பாத்ரூம் கதவுக்கு வந்தது. இன்றைக்கு நாம் செத்தோம் என்று நினைத்தான்.

"டேய்." குரல் மெல்ல வந்தது. "அதை ரெண்டு டம்ளர் குடிச்சிருக்கார்டா."

அவன் கதவுப் பக்கம் காதைத் திருப்பினான்.

"மூஞ்சியைக்கூடச் சுளிக்கல."

அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. நிச்சயதார்த்தத்தன்றுகூட.

கூடத்தில் நாற்காலி அவசரமாகப் பின்னால் நகர்ந்தது.

"அத்தை... பாத்ரூம் எந்தப் பக்கம்?"

வீட்டில் இருப்பது ஒன்று.

அவன் தரையைத் துழாவினான். சோப்பு கிடைத்தது. மக்கு கிடைத்தது. யாருடைய பிரஷ்ஷோ கிடைத்தது. மூடி கிடைக்கவில்லை. வேகமான காலடிகள் கதவுக்கு வந்து நின்றன. வெளியே ஸ்விட்ச் டக்கென்றது. எரியாத விளக்குக்காக இன்னொரு டக்.

"போட்டோ வராட்டிப் பரவாயில்லடா," என்றாள் அக்கா. "கதவைத் தொற."

திறந்தான்.

கூடத்து வெளிச்சம் முப்பத்தாறு படங்களையும் ஒரே பார்வையில் பார்த்து முடித்தது.

மாப்பிள்ளை நின்றிருந்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஒரு கை வயிற்றில். அந்த நிலையிலும், ஃபிலிமும் கையுமாக நிற்கிறவனை விசாரிக்காமல் உள்ளே நுழைவது முறையில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"போட்டோல்லாம்... எப்படி வந்திருக்கு மச்சான்?"

அவன் ஃபிலிமைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். வழியை விட்டு நகர்ந்தான்.

"...நல்லா வந்திருக்கு மாமா."