விமானம் படிக்காத நோட்டு

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில், துணி ஆலையின் வாசலில் நிற்கிற பஸ்ஸுக்குள் மதிய வெயில் கொதிக்கிறது. சாப்பாட்டு டப்பாவோடு ஏறிய ரூபினி, ஓட்டுநர் இருக்கையில் இருக்கும் புருஷன் திருச்செல்வத்தின் முதுகுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறாள். அவன் கைபேசியில் ஒரு சின்னச் சிவப்பு விமானம் ஏறுகிறது. கூடவே எண்ணும் ஏறுகிறது. ஒன்றரை, இரண்டு, இரண்டரை. விமானம் மறைவதற்குள் பொத்தானை அமுக்கினால் கட்டிய காசு அத்தனை மடங்கு. மறைந்துவிட்டால் எல்லாம் போச்சு. கட்டியிருப்பது சமையல் கேஸ் வாங்க அவள் எடுத்து வைத்த ஐம்பது வெள்ளிப் பணம்.

"எடுத்திருங்க!" என்கிறாள். "பொறு லா. அஞ்சு தடவ சின்னதா வந்துச்சு, இது மூணத் தாண்டும்." நாலு நம்பர் லாட்டரி எழுதிப் பழகிய கையால், முடிந்த சுற்றுகளையெல்லாம் ஸ்டியரிங்மேல் விரித்த நோட்டில் கோடு போட்டு எழுதியிருக்கிறான். இரண்டு புள்ளி ஒன்பது ஏழில் விமானம் மறைகிறது. அதையும் அழகாக எழுதுகிறான்.

"ஏறுறதுக்கு முன்னாலயே எங்க மறையணும்னு முடிவாயிருதுன்னு அந்த ஆட்டத்துலயே போட்டிருக்கு. நீங்கதான எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க! அப்புறம் எதுக்கு எழுதுறீங்க? உங்க நோட்ட அந்த விமானம் படிக்குதா?"

பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசுகிறாள். அது தார் ரோட்டில் துள்ளி, சாக்கடைக்குள் விழுகிறது. அடுத்த விமானம் கிளம்பிவிட்டது. திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் அவன் பின்பக்கம் கையை நீட்டுகிறான்.

"ரூபி, வேற பேனா இருக்கா?"