ட்றெவரின் ஆணி கழரும் இடம்

“இண்டைக்கு ட்றெவரிர ஆணி கழராது!”

பழைய கூட்டாளி ஹேர்பர்ட் கத்தியதும் மண்டபமே சிரித்தது. ட்றெவரும் சிரித்துவைத்தான்.

மகன் பிரட்லியின் கலியாணம். பறங்கியரின் கபிரிஞ்ஞா நடனம் ஆட ஜோடிகள் வட்டமாக நின்றுவிட்டன. வயலின் வாசிக்க வேண்டிய ட்றெவர், முதல் தடவையாக மனைவி தெல்மாவுக்கு ஜோடியாக நின்றான். இடக்கை விரல் இரண்டைப் பட்டறைக் கிரைண்டர் கொண்டுபோய்விட்டது.

வாசிக்கப்போவது லெப்டொப்.

மகள் பியோனா அவனைச் சீட்டியடிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, மெட்டைப் புள்ளி புள்ளியாக அதில் ஏற்றியிருந்தாள். முதலில் வந்தது வயலின் சத்தமா அது? நுளம்பின் ரீங்காரம். பிறகு எங்கிருந்தோ வேறொரு வயலினின் சத்தத்தை இறக்கிச் சேர்த்தாள். இழுப்பும் நடுக்கமும் அப்படியே அவன் வாசிப்பதைப் போல வந்தன.

ஆனால் மெசினுக்கு ஆணி கழராதே. அதுதான் பயம்.

டச்பாரில் சுனாமிக் கடல் ஊருக்குள் வந்த அன்று தெல்மாவின் கால் நசிந்தது. பெண்கள் வட்டத்தைச் சுற்றிவிட்டுத் தங்கள் ஜோடியிடம் திரும்பும் இடத்தில், அதற்குப் பிறகு அவள் மற்றவர்களோடு வந்துசேர்ந்ததில்லை. தனக்காகக் காத்து நிற்கிறார்கள் என்று தெரிந்தால் ஆட்டத்தை விட்டே போய்விடுகிற பிறவி.

ஆகவே சரியாக அந்த இடத்தில் ட்றெவரின் வயலினில் தந்தியை முறுக்கும் ஆணி கழரும். அவன் திருகுவான். சனம் கேலிசெய்து கைதட்டும். அதற்குள் தெல்மா வந்துவிடுவாள்.

இத்தனை வருசத்தில் ஒருவரிடமும் அவன் சொன்னதில்லை. சீட்டியடிக்கும்போதும் தெல்மா பக்கத்தில் இருந்தாள். அந்த இடத்தில் நிற்காமல் அடித்து முடித்துவிட்டான். அவள் மாதா கோயில் பாடகர் குழுவில் இசைக்குறி படித்தவள். காலையில் திரையில் விரல் வைத்துக் கடைசிவரை பார்த்து, “எல்லாம் சரி” என்றுவிட்டாள்.

“பொறு மகள்” என்று அவன் வாயெடுப்பதற்குள் பியோனா லெப்டொப்பைத் தட்டிவிட்டாள்.

பெண்கள் சுற்றத் தொடங்கினார்கள். ஒருத்தி வந்துசேர்ந்தாள். அடுத்தவளும் வந்தாள். தெல்மா பாதி வழியில், உதட்டைக் கடித்தபடி.

வயலின் நின்றது.

“மெசினுக்கும் ஆணி கழண்டுட்டு டோய்!”

ஹேர்பர்ட் கத்த, மண்டபம் கைதட்டியது. ட்றெவர் எட்டித் திரையைப் பார்த்தான். அங்கே வெற்றிடம் ஒன்றும் இல்லை. புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“அந்த வெறும் கட்டங்கள மறைச்சு வச்சிரிக்கன் பப்பா,” பியோனா முணுமுணுத்தாள். “படிக்கிற ஆளுக்குத் தெரியாது.”

தெல்மா வந்துசேர்ந்தாள். மூச்சு வாங்கியது. விரல் குறைந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வயலின் திரும்பவும் தொடங்கியது.

ஒரு சுற்றுப் போனபின் அவன் காதுக்குள் கேட்டாள்.

“மெசினுக்கும் சொல்லிக் குடுத்திட்டீங்களா?”