பேட்டரி நம்பர்

"இவன் என் கார் பேட்டரியை மாத்திட்டான்மா! நீ செக் பண்ணி ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். இப்படியே பஸ் ஏத்தி அனுப்பிடறேன்."

பெரம்பலூரில், துறையூர் ரோட்டு ஓரத்தில் இருக்கும் கார் எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்ததும் வராததுமாக அய்யம்பெருமாள் சத்தம் போட்டார். குரும்பலூரில் உரக்கடை வைத்திருப்பவர். சத்தத்துக்கு அவரிடம் என்றைக்கும் குறைச்சல் கிடையாது.

'இவன்' என்று புது மோதிரம் மின்ன அவர் கை நீட்டியது, டிரைவர் முத்தமிழ்செல்வனை. ஆறு வருஷமாக அவரிடம்தான் வேலை. அவன் போய் பானெட்டைத் திறந்துவிட்டான்.

கூடவே வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார் சம்பந்தி அரியமுத்து. மீன்சுருட்டிக்காரர். அவர் மகளைத்தான் அய்யம்பெருமாளின் மகனுக்கு நிச்சயம் செய்திருக்கிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பினால், கார் பாதி வழியில் படுத்துவிட்டது. நாலு பேர் தள்ளித்தான் கடை வரைக்கும் வந்தது. அந்த நாலு பேரில் சம்பந்தியும் ஒருவர். அய்யம்பெருமாளுக்கு ஆறவே இல்லை.

"வண்டி என்ன பண்ணுது?" என்று மீட்டரை எடுத்தபடி கேட்டாள் கடைக்காரப் பெண் தென்றல்.

"நாலு நாளா பேட்டரி லைட்டு சிவப்பா எரியுது, அணையுது. ஹாரனும் கம்முது. இன்னிக்கு சாவி போட்டா 'டக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதாங்க்கா" என்றான் முத்தமிழ்செல்வன்.

"பேட்டரி வாங்கி ஆறு மாசம்கூட ஆகலம்மா! புதுசை வித்துட்டு எங்கேயோ கெடந்த பழசை வச்சிருக்கான். ஆதாரம் இல்லாம பேசற ஆளு இல்ல நான்."

அய்யம்பெருமாள் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார்.

"போன வாரம் ஆயுத பூஜையன்னிக்கு எடுத்தது. பேட்டரியைக் கழட்டித் துடைச்சு, மணையில வச்சுக் கும்பிட்டோம். மேல நம்பர் தெரியுது பாரு. அதே நம்பர் இப்ப வண்டியில இருக்கான்னு பாத்துச் சொல்லு. சம்பந்தி, நீங்களும் பாருங்க!"

அரியமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை நிதானமாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தென்றல் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள்.

"அதே நம்பர்தான் சார். மாத்தவே இல்ல."

அய்யம்பெருமாளுக்குச் சப்பென்று போய்விட்டது. "அப்ப ஒயரு கியரு எதையாச்சும் நோண்டியிருப்பான். நல்லா பாரும்மா!"

தென்றல் மீட்டரை பேட்டரியில் வைத்தாள். முழு சார்ஜ் காட்டியது. முத்தமிழ்செல்வனைச் சாவி போடச் சொல்லிவிட்டு, பேட்டரியைக் கவ்வியிருந்த கிளாம்பில் வைத்தாள். முள் சரசரவென்று இறங்கியது.

"பேட்டரியில கரண்டு இருக்கு. ஒயருக்கு வந்து சேரல. நடுவுல எதுவோ அடைக்குது."

கிளாம்பைக் கழற்றினாள். உள்ளே காய்ந்து கெட்டியான சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அடுத்த கிளாம்பிலும் அப்படியே.

தென்றலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டெர்மினல்ல பொட்டு வச்சு, அது மேலயே கிளாம்பை மாட்டியிருக்கீங்க. சந்தனம் காஞ்சு சிமெண்டாட்டம் ஆயிடுச்சு. அப்புறம் கரண்டு எப்படிப் போகும்? யாரு வச்சது இந்தப் பொட்டை?"

அய்யம்பெருமாள் வாயைத் திறப்பதற்குள் முத்தமிழ்செல்வன் முந்திக்கொண்டான்.

"நான்தாங்க்கா. தெரியாம வச்சுட்டேன்."

"பாத்தீங்களா சம்பந்தி! நான் சொன்னனா இல்லியா? ஏண்டா, அறிவிருக்கா ஒனக்கு? நல்ல காரியத்துக்குக் கெளம்பின எடத்துல மானத்தை வாங்கிட்டியேடா! நாளையிலேருந்து வேலைக்கு வராத!"

முத்தமிழ்செல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் மூன்று ஜீவன்கள் அவன் சம்பளத்தை நம்பி இருக்கின்றன. ஆனாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

தென்றல் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து கிளாம்புகளை இறுக்கினாள். சாவி போட்டதும் கார் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. சிவப்பு லைட் அணைந்தது.

"சார், அந்த போட்டோவைக் கொஞ்சம் காட்டுங்க."

போனை வாங்கியவள், படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அப்படியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

நம்பரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அய்யம்பெருமாள் இப்போதுதான் மற்றதைப் பார்த்தார். படத்தின் ஓரத்தில் ஒரு கை, பயபக்தியோடு டெர்மினலில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையில் சிவப்புக்கல் மோதிரம். குனிந்து தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு முத்தமிழ்செல்வன் துணியோடு வந்து, "தொடச்சிட்டு மாட்டட்டுங்களா முதலாளி?" என்று கேட்டதும், "சாமிக்கு வச்ச பொட்டைத் தொடைப்பியாடா?" என்று இவர் எகிறியதும்.

முத்தமிழ்செல்வன் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அய்யம்பெருமாளுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பக்கத்தில் சம்பந்தி நிற்கிறாரே! தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி சரி, போனாப் போவுது. ஏதோ தெரியாம பண்ணிட்டான். மன்னிச்சு விட்டுடறேன். நாளைக்கு எப்பவும் போல வேலைக்கு வந்துடுடா."

"பெரிய மனசு" என்றார் அரியமுத்து. அங்கே வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்ததே அப்போதுதான்.

"சேச்சே... அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சம்பந்தி" என்று அய்யம்பெருமாள் அடக்கமாகச் சிரித்தார்.

"நான் டிரைவர் தம்பியைச் சொன்னேங்க. நிச்சயத்தன்னிக்கு உங்க விரல்ல நான் போட்டுவிட்ட மோதிரம், எனக்கே அடையாளம் தெரியாம போயிடுமா சம்பந்தி?"