எரவல் இழைப்புளி

“அண்ணா, அந்த உளியக் கொஞ்சம் குடேன். காலைல தந்துடறேன்.”

வேலிக்கு மேலே தாவீதின் தலை தெரிந்ததுமே நாகப்பனுக்கு உச்சந்தலை சூடேறியது.

“நேத்து ரம்பம், இன்னைக்கு உளியா? நான் இன்னாடா, வாடகைக் கடையா வச்சிருக்கேன்?”

“வூட்ல ஜன்னல் மாட்டிக்கினு தொறக்க மாட்டேங்குது அண்ணா.”

“ஒன் வூட்ல எத்தினி ஜன்னல்டா கீது? தினம் ஒண்ணு மாட்டுது?”

தாவீது பல்லைக் காட்டினான். வாய் வைதாலும் நாகப்பனின் கை உளியை நீட்டிவிட்டது. ஷிப்ட் முடிந்து அலுத்துப்போய் வந்து நிற்கிற பக்கத்து வீட்டுக்காரனை என்ன செய்வது?

மண்ணூரில் நாகப்பனின் தச்சு ஷெட் எழும்பியே கொஞ்ச நாள்தான் ஆகிறது. பேக்டரியில் சூப்பர்வைசரோடு முட்டிக்கொண்டு, பஞ்ச் கார்டை மேஜைமேல் விசிறிவிட்டு வந்தவர் நாகப்பன். “போ, போ. கையக் கட்டிக்கினு கேட்ல வந்து நிக்கத்தான போற” என்று அந்த ஆள் சொன்னது இன்னமும் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

அந்த ரோஷத்தில்தான் கொல்லையில் நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டார். வெளிநாட்டு மிஷின் வந்திறங்கிய பெட்டிப் பலகைகளை ஏலத்தில் மல்லுக்கட்டி எடுத்து அடுக்கினார். பாரிமுனைக்குப் போய், கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடுகிறவரை பேரம் பேசி, காகிதம் பிரிக்காத உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் வாங்கி வந்தார். முன்னே பின்னே மரவேலை செய்தவர் இல்லை.

தாவீதுக்கு அதே பேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் தச்சு வேலை. முதல் நாளே எட்டிப் பார்த்து, “அண்ணா, இந்த உளி…” என்று இழுத்தான்.

“உளிக்கு இன்னா? புது உளிடா! பொட்டிக்கு ஆணி அடிக்கிறவன் நீ எனக்கு வாத்தியாரா? எவன் புத்தியும் எனக்கு வாணாம். நானா அடிபட்டுக் கத்துக்குவேன்.”

அன்றோடு புத்தி சொல்வதை விட்டான். எரவல் கேட்க ஆரம்பித்தான்.

ஒரகடம் ரோட்டில் டீக்கடை போடும் கன்னியப்பன்தான் முதல் கிராக்கி. இரண்டு பெஞ்சு. “வெள்ளிக்கெழம கடை தொறப்பு. அன்னைக்கு வரலேன்னா எனக்கு வாணவே வாணாம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். நாலு பேர் உட்காரும் இடம். பெஞ்சு நன்றாக வந்தால் நாலு வேலை தேடி வரும். சொதப்பினால் சூப்பர்வைசர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

நாகப்பனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அளப்பார், எழுவார், தெருவரை போவார், பீடியைப் பாதியில் வீசுவார், வந்து மறுபடி அதையே அளப்பார். ஆரம்பத்தில் எவ்வளவு அடித்தும் உளி பலகையில் இறங்கவில்லை. “மரமாடா இது, கருங்கல்லு!” என்று பலகையை உதைத்தார்.

போகப்போக வேலை ஓட ஆரம்பித்தது.

“பாத்தியா கங்கா, கை பழகிடுச்சு! ஒருத்தன் தயவு உண்டா?” என்று பெண்டாட்டியிடம் மார் தட்டினார்.

கங்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை சாயந்திரம் மறுபடியும் வேலிக்கு மேலே தலை.

“அண்ணா, இழைப்புளி…”

“கெடையாது! ஓசி குடுத்தே என் சாமானெல்லாம் தேயுது.”

“இன்னைக்கு மட்டும்ணா. நாளைக்கு ஒனக்கு இழைக்கிற வேலை கீதே, அதான்…”

“எனக்கு வேலை இருந்தா ஒனக்கு எதுக்குடா இழைப்புளி?”

ஷெட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அப்பாடா, ஒருவழியாக இல்லை என்று சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை மேல்பலகையை இழைக்க உட்கார்ந்தார். இழைப்புளி ஓடவில்லை. இழுத்த இடமெல்லாம் மரம் நார்நாராகப் பிய்ந்தது. அழுத்தினார், பள்ளம் விழுந்தது. திருப்பிப் போட்டார், அந்தப் பக்கமும் அதே கதி. மத்தியானத்துக்குள் சட்டை நனைந்து, உள்ளங்கையில் கொப்புளம்.

“அவன் கண்ணு பட்டுச்சு! பொறாமை புடிச்ச பய! குடுக்கலன்னதும் வயிறெரிஞ்சிட்டான்!” என்று இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் பாய்ந்தார்.

கங்கா குறுக்கே வந்து நின்றாள்.

“எங்க போறீங்க? அவரு வூட்ல ஜன்னலே ஒண்ணுதான். அதுவும் நல்லாத்தான் தொறக்குது.”

“இன்னாடி ஒளர்ற?”

“தெனம் ஷிப்ட் முடிஞ்சி வந்து, கல்லப் போட்டுக்கினு உக்காந்து ஒங்க உளியத் தீட்டறாரு. ரம்பத்துப் பல்ல அரத்தால ராவறாரு. புதுச் சாமான் கடையிலேர்ந்து மொன்னையாத்தான் வருமாம். வாங்கினதும் தீட்டணுமாம்.”

“அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“சொல்ல வந்தப்ப நீங்க வாயத் தொறக்க வுட்டீங்களா?”

நாகப்பன் இழைப்புளியைத் திருப்பி, கட்டைவிரலால் அலகைத் தடவினார். விரலில் கீறல்கூட விழவில்லை.

தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. தாவீது டிபன் கேரியரோடு இறங்கினான். வேலிப்பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்தபடி தன் வீட்டுக்கு நடந்தான்.

நாகப்பன் தொண்டையைச் செருமினார். குரலில் கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

“டேய் தாவீது! எரவல் கேக்காம இன்னாடா கண்டுக்காமப் போற? ஒன் வூட்டு ஜன்னல் இன்னைக்கு மாட்டிக்கலயா?”